வாசகர் கேள்வி – பதில்: மலையில் வாழ்பவர் காருக்கு எவ்வளவு ஒதுக்கலாம்?

கேள்வி: ஐயா, வணக்கம். கோத்தகிரிக்கு அருகே ஒரு ஹட்டியில் (படுகர் கிராமத்தில்) வசிக்கிறோம். குன்னூரில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கராக இருக்கிறேன். பிடித்தம் போகக் கைக்கு வருவது 45,000 ரூபாய். ஒன்றரை ஏக்கர் தேயிலையிலிருந்து, பறிகூலியும் உரமும் போக, நல்ல மாதங்களில் 15,000 ரூபாய் கிடைக்கும். அம்மாவை மாதம் இருமுறை கோவைக்கு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறேன். வாடகைக் காருக்கு ஒவ்வொரு முறையும் 3,500 ரூபாய் ஆகிறது. கையிருப்பு 3 லட்சம். 9 லட்சம் ரூபாய்க்கு ஒரு புதிய காரைப் பார்த்து வைத்திருக்கிறேன். 2 லட்சம் கட்டினால் மீதி 7 லட்சத்தை ஒன்பதரை சதவீத வட்டியில் ஏழாண்டுத் தவணைக்குத் தருவதாகச் சொல்கிறார்கள். மாதம் 11,440 ரூபாய். 60,000 வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. இப்போது பேருந்தில் வேலைக்குப் போகும் நான் இனி காரிலேயே போய்வரலாம் என்றும் எண்ணுகிறேன். வருமானத்தில் எவ்வளவு வரை காருக்குச் செலவிடலாம்?

பதில்: அம்மாவின் மருத்துவமனைப் பயணத்துக்காகக் கேட்கிறீர்கள் என்பதால் உங்களுக்குக் கார் வேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் உங்கள் கணக்கில் இரண்டு இடங்களில் பிழை இருக்கிறது. வருமானத்தைக் கூட்டிப் போட்டிருக்கிறீர்கள். செலவைக் குறைத்துப் போட்டிருக்கிறீர்கள்.

முதலில் வருமானம். 15,000 ரூபாய் நல்ல மாதத்தில்தான் வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்து கொழுந்து கருகினால் அந்த மாதம் என்ன வரும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இலை நிறைய இருக்கும்போது விலை இறங்குவதும் நம் மாவட்டத்தில் புதிதன்று. 1990களின் இறுதியில் பசுந்தேயிலை விலை சரிந்தபோது, நான் ஒரு வங்கிக் கிளையில் கடன் பிரிவில் இருந்தேன். இலைப் பணத்தை நம்பி ஜீப்பும் காரும் வாங்கியிருந்தவர்கள், எங்கள் மேசைக்கு முன்னால் வந்து வண்டிச் சாவியை வைத்துவிட்டுத் தலைகுனிந்து நின்றதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. அவர்களில் யாரும் ஊதாரி அல்லர். நல்ல மாதத்தை வழக்கமான மாதமாக எடுத்துக்கொண்டதுதான் அவர்கள் செய்த தவறு. ஆகவே உங்கள் வருமானத்தை 45,000 என்றே வைத்துக்கொள்ளுங்கள். இலைப் பணம் வரும் மாதத்தில் வரட்டும். அதற்கு வேறு வேலை இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

அடுத்தது செலவு. தவணை மட்டுமே காரின் செலவு அன்று. கோத்தகிரியிலிருந்து குன்னூர் சுமார் 20 கிலோமீட்டர். மாதம் 22 நாள் போய்வந்தால் 880 கிலோமீட்டர். விற்பனையாளர் சொல்லும் மைலேஜ் சமவெளிக்கு உரியது. இரண்டாவது கியரிலும் மூன்றாவது கியரிலும் ஏறி இறங்கும் சாலையில் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கிடைத்தால் போதும் என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால், லிட்டர் 100 ரூபாய் என்றாலும் வேலைக்குப் போய்வர மட்டும் 7,300 ரூபாய். கோவைக்கு இரண்டு நடைக்கு இன்னும் 2,300 ரூபாய். காப்பீட்டுக்கு மாதத்துக்கு 2,000 ரூபாயும் சர்வீஸ், டயர், பிரேக் பேட், கிளட்ச் ஆகியவற்றுக்குச் சராசரியாக இன்னொரு 2,000 ரூபாயும் எடுத்துவைக்க வேண்டும். மலையில் பிரேக்கும் கிளட்சும் சமவெளியைவிட விரைவாகத் தேய்கின்றன. தவணையோடு கூட்டினால் மாதம் 25,000 ரூபாய் ஆகிறது. ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை என்று நீங்கள் நினைத்த செலவு, நிலையான வருமானத்தில் பாதியைத் தாண்டிவிடுகிறது.

அமெரிக்காவில் 20-4-10 என்று ஒரு விதியைச் சொல்வார்கள். விலையில் 20 சதவீதத்தை முன்பணமாகக் கட்ட வேண்டும். கடனை 4 ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். தவணை, காப்பீடு, எரிபொருள் எல்லாம் சேர்ந்து வருமானத்தில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அங்கே சம்பளத்தோடு ஒப்பிடும்போது காரும் பெட்ரோலும் மலிவு. அந்தப் பத்து சதவீதத்தை இங்கே அப்படியே வைத்தால் நம்மில் பெரும்பாலோர் கார் வாங்கவே முடியாது. அதனால் நான் அதை மாற்றிச் சொல்கிறேன்: வீட்டுக் கடன் இல்லாத குடும்பம், மெலிந்த மாத வருமானத்தில் 20 சதவீதம் வரை காருக்கான எல்லாச் செலவுக்கும் சேர்த்து ஒதுக்கலாம், வீட்டுக் கடன் இருந்தால் 15 சதவீதம். உங்களுக்கு அது 9,000 ரூபாய்.

ஆனால் அந்த விதியில் உள்ள நான்காண்டுக் கணக்கை நான் அப்படியே ஏற்கிறேன். காரணம் சொல்கிறேன். நீங்கள் பார்த்திருக்கும் காரின் ஷோரூம் விலை ஏறத்தாழ 7,70,000 ரூபாயாக இருக்கும். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை விலையுள்ள கார்களுக்கு ஆயுள்கால வரி 13 சதவீதம். அதுவே ஒரு லட்சம். காப்பீடும் பதிவுச் செலவும் சேர்ந்துதான் 9 லட்சம் ஆகிறது. வண்டியை நாளைக்கே விற்றாலும் அந்த வரிப் பணம் திரும்பி வராது. காப்பீட்டு நிறுவனங்கள் பின்பற்றும் தேய்மான அட்டவணைப்படி, மூன்றாண்டு முடிந்த காருக்கு ஷோரூம் விலையில் 40 சதவீதம் கழிகிறது; உங்கள் காரின் மதிப்பு அப்போது 4,62,000 ரூபாய். ஏழாண்டுக் கடனில் மூன்றாண்டு தவறாமல் கட்டிய பிறகும் அசல் பாக்கி சுமார் 4,55,000 ரூபாய் நிற்கும். அதாவது முன்பணம் 2 லட்சமும் 36 தவணைகளில் 4 லட்சத்துக்கு மேலும் கொடுத்த பிறகு, ஏதோ ஒரு நெருக்கடியில் காரை விற்றால் கையில் ஒன்றும் மிஞ்சாது. அம்மாவின் உடல்நிலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு வீடு அந்த நிலையில் இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஏழாண்டில் வட்டி மட்டும் 2,61,000 ரூபாய். அதே கடனை நான்காண்டில் முடித்தால் 1,44,000 ரூபாய். நான்காண்டுத் தவணை 17,586 ரூபாய் ஆகிறதே, கட்ட முடியாதே என்று தோன்றினால், அந்தக் கார் இப்போதைய வருமானத்துக்கு உரியதன்று.

இனி உங்களுக்குப் பொருந்தும் வழி. வேலைக்குப் பேருந்திலேயே போய்வாருங்கள். பெருஞ்செலவு அங்கேதான் இருக்கிறது. மருத்துவமனைக்கும் வீட்டுத் தேவைக்கும் மாதம் 400 கிலோமீட்டர் ஓட்டினால் பெட்ரோலுக்கு 3,300 ரூபாய். நல்ல நிலையில் உள்ள பழைய கார் ஒன்றை 3 லட்சத்துக்குள் வாங்கினால், காப்பீட்டுக்கும் பராமரிப்புக்கும் மாதம் 3,000 ரூபாய் எடுத்துவைக்கலாம். கையிருப்பில் 2 லட்சத்தைக் கொடுத்து, 1 லட்சத்தை 12 சதவீத வட்டியில் மூன்றாண்டுக் கடனாக எடுத்தால் தவணை 3,321 ரூபாய். மொத்தம் மாதம் 9,600 ரூபாய்க்கு அருகில் வருகிறது. நான் சொன்ன வரம்பை அறுநூறு ரூபாய் தாண்டுகிறது என்றாலும், இப்போதே வாடகைக் காருக்கு மாதம் 7,000 ரூபாய் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பதால் இதில் எனக்குத் தயக்கம் இல்லை. எஞ்சும் 1 லட்சத்தை அம்மாவின் மருத்துவத்துக்கென்று தொடாமல் வையுங்கள். இலைப் பணம் வரும் மாதங்களில் அதிலிருந்து ஒரு பங்கைக் கடனின் அசலில் கட்டுங்கள். முன்கூட்டிக் கட்டினால் அபராதம் உண்டா என்பதைக் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

செலவைக் குறைக்க மூன்றாம் நபர் காப்பீட்டோடு நிறுத்திக்கொள்ளும் எண்ணம் வந்தால் அதை விட்டுவிடுங்கள். மண்சரிவில் பாறை விழுந்து உங்கள் கார் நசுங்கினால் மூன்றாம் நபர் காப்பீட்டில் ஒரு ரூபாயும் கிடைக்காது. முழுக் காப்பீடுதான் அதற்கு ஈடு தரும். 2009 நவம்பரில் பெய்த மழையையும் சரிந்த சாலைகளையும் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதோடு, வடகிழக்குப் பருவமழை நாட்களில் இரவு திரும்ப நேரிடும் என்று தெரிந்தால், சொந்தக் கார் இருந்தாலும் அன்றைக்கு அனுபவமுள்ள ஓட்டுநரை அமர்த்திக்கொள்ளுங்கள். நோயாளியைப் பின்னிருக்கையில் வைத்துக்கொண்டு பனிமூட்டத்தில் மலைச் சாலை ஏறுவது தனியே பழக வேண்டிய வேலை.

கேள்வி: கொடைக்கானலில் பழக்கடை வைத்திருக்கிறேன். மாதம் சராசரியாக 30,000 ரூபாய் வருகிறது. ஏழு பேர் அமரும் கார் ஒன்றை வாங்கி, சீசனில் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டால் தவணையை அதுவே கட்டிவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். தவணை 19,000 ரூபாய். துணியலாமா?

பதில்: வேண்டாம். வெள்ளைப் பலகைக் காரை, அதாவது சொந்த உபயோகத்துக்கென்று பதிவான காரை, வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி தவறு. அதைவிடக் கவலை தருவது, வாடகைப் பயணத்தின்போது விபத்து நேர்ந்தால் சொந்த உபயோகத்துக்கென்று எடுத்த காப்பீட்டைக் காட்டி இழப்பீடு பெற முடியாமல் போகும் என்பது. காயம்பட்டவர்களுக்கான தொகை உங்கள் தலையில் விழுந்தால் கடை மட்டுமன்றி வீடும் போகும். முறையாக அனுமதி பெற்று மஞ்சள் பலகையில், அதாவது வாடகை வண்டியாகப் பதிந்து, ஓட்டுவது வேறு. ஆனால் அது கார் வாங்குவதாக இருக்காது, தொழில் தொடங்குவதாக இருக்கும். அதற்குரிய வரி, காப்பீடு, தகுதிச் சான்று, ஓட்டுநர் சம்பளம் என்று தனிக் கணக்கு எழுத வேண்டும்.

அந்தத் தனிக் கணக்கையும் எழுதிப் பார்ப்போம். சீசன் என்பது ஏப்ரல், மே. பிறகு ஆயுத பூஜையையொட்டிச் சில நாட்கள், கிறிஸ்துமஸையொட்டிச் சில நாட்கள். தவணையோ ஆண்டுக்கு 2,28,000 ரூபாய். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் வந்துவிட்டது. 2025 ஏப்ரலிலிருந்து கொடைக்கானலுக்கு சீசனில் வார நாட்களில் 4,000 வாகனங்கள், வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று வரம்பும் வைத்தார்கள். மலையின் நன்மைக்கு அது தேவை என்றே நான் கருதுகிறேன். ஆனால் இன்னொருவர் வருகையை நம்பித் தவணை கட்ட நினைப்பவர், அந்த வருகை தம் கையில் இல்லை என்பதை உணர வேண்டும். மேலும், சீசனில்தான் உங்கள் பழக்கடைக்கும் கூட்டம் வரும். கடையும் காரும் ஒரே இரண்டு மாதத்தைச் சார்ந்திருந்தால், ஒரு சீசன் கெட்டால் இரண்டும் சேர்ந்து கெடும். 30,000 ரூபாய் வருமானத்தில் காருக்கு என் கணக்குப்படி 6,000 ரூபாய்தான் இடம் இருக்கிறது. கடைக்குச் சரக்கு கொண்டுவரத்தான் வண்டி வேண்டும் என்றால், பழைய சிறிய சரக்கு வாகனத்தின் விலையை விசாரித்துவிட்டு மீண்டும் எழுதுங்கள். அதை வேறு விதமாகக் கணக்கிட வேண்டும்.

கேள்வி: நான் குன்னூரில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. சம்பளம் 28,000 ரூபாய். அக்காவின் கணவர் தம் ஆறு வயதுக் காரை 2,40,000 ரூபாய்க்கு எனக்கே தருகிறேன் என்கிறார். கையில் அந்தப் பணம் இருக்கிறது. கடன் இல்லை என்பதால் வாங்கிவிடலாம் அல்லவா?

பதில்: கடன் இல்லாதது நல்லது. ஆனாலும் பெட்ரோல், காப்பீடு, பராமரிப்பு ஆகியவற்றுக்கு மாதம் 5,600 ரூபாய்க்குள் அடங்குமா என்று முதலில் எழுதிப் பாருங்கள். மாதம் 250 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டாவிட்டால் அடங்கும். கையிலுள்ள பணம் முழுவதும் காருக்கே போய்விடும் என்றால் இப்போது வாங்காதீர்கள். ஆறு மாதச் சம்பளமாவது மிஞ்ச வேண்டும். அத்தான் என்பதால் பாதியை இப்போதும் மீதியை ஓராண்டுக்குள்ளும் தருவதாகக் கேட்டுப் பாருங்கள். உறவுக்குள் நடக்கும் விற்பனை என்றாலும் தொகையையும் தேதியையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

எவ்வளவு நெருங்கிய உறவாக இருந்தாலும் இரண்டை விட்டுவிடக் கூடாது. ஒன்று, ஆர்.சி.யில் (வண்டியின் பதிவுச் சான்றில்) வங்கியின் பெயர் இன்னும் இருந்தால், கடன் முடிந்ததற்கான சான்றும் படிவம் 35-ம் வாங்கி அதை நீக்கிய பிறகே பணம் கொடுங்கள். இரண்டு, படிவம் 29, 30 கொடுத்து உரிமையையும் காப்பீட்டையும் உடனே உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அத்தானின் காப்பீட்டில் உள்ள நோ கிளெய்ம் போனஸ், அதாவது இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி, அவருக்கே உரியது. அது வண்டியோடு உங்களுக்கு வராது என்பதால் உங்கள் பிரீமியம் அவர் கட்டுவதைவிடக் கூடுதலாக இருக்கும். அந்தத் தொகையை இப்போதே கேட்டறிந்து 5,600 ரூபாய்க் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கார் சமவெளியில் ஓடியதா மலையில் ஓடியதா என்று கேட்டு, மலையில் ஓடியது என்றால் கிளட்சையும் பிரேக்கையும் உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டுங்கள்; அவர் மாற்ற வேண்டும் என்று சொல்லும் பாகங்களின் செலவை அத்தானிடம் தயங்காமல் சொல்லி விலையில் குறைத்துக்கொள்ளுங்கள்.