மொரீஷியஸின் பெல் மார் கடற்கரை மணலில் கூடார முளை நிற்கவில்லை

முளையை அடிக்காதீர்கள், அதற்குப் பதில் மணல் பையைப் புதையுங்கள். அரிசிப் பையில் ஈர மணலை நிரப்பி, பையின் கழுத்தில் கூடாரக் கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழக் குழியில் இறக்கி, மேலே மணலை மிதித்து இறுக்குங்கள்.

ஒரே ராத்திரியில் முளை 2 முறை பிடுங்கிக்கொண்டது என்கிறீர்கள். மே முதல் அக்டோபர் வரை தென்கிழக்குக் காற்று மொரீஷியஸின் கிழக்குக் கரையில் பலமாக அடிக்கும். காய்ந்த மணலுக்குப் பிடிப்பே கிடையாது. வாசல் கடலைப் பார்த்திருந்தால் காற்று புகுந்து கூடாரத்தையே தூக்கும். வாசலை மறுபக்கம் திருப்பிப் போடுங்கள்.

படுக்குமுன் ஒவ்வொரு கயிற்றையும் உடம்பைச் சாய்த்து இழுத்துப் பாருங்கள். மணல் வெடித்தால் ஆழம் போதாது.

சவுக்கு மரத்தடியில் ஒண்டலாம். ஆனால் மேலே முறிந்த கிளை தொங்குகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தே தீரவேண்டும், பிள்ளைகள் உடன் இருக்கிறார்களே!

பகலில் ட்ரூ தோ டூஸ், போஸ்ட் தெ ஃப்ளாக் என்ற பக்கத்து ஊர்களைச் சுற்றப் போகும்போது கூடாரத்தைப் படுக்க வைத்துவிட்டுப் போங்கள்.