துணி காய்ந்ததா?

கேள்வி: தேங்காய் நாருக்கு ஆங்கிலத்தில் ‘காயர்’ என்கிறார்கள். அது நம் ‘கயிறு’தானே? கொடிக் கயிறில் துணி காயப்போட்டபோது தோன்றிய சந்தேகம்.

பதில்: துணி காயட்டும். அதென்ன ‘கயிறில்’? வயிறு வலித்தால் டாக்டரிடம் போய் ‘வயிறில் வலி’ என்பீர்களா? வயிற்றில்தானே வலிக்கும்? கயிறும் வயிறும் ஒரே அச்சில் வார்த்த சொற்கள். இலக்கணத்தில் இந்த வகைக்கு உயிர்த்தொடர்க் குற்றியலுகரம் என்று பெயர். ஐ, ஆல், கு போன்ற வேற்றுமை உருபு வந்து சேர்ந்தால் ‘று’ இரட்டிக்கும். கயிற்றை, கயிற்றால், கயிற்றுக்கு. பள்ளிக்கூடம் பக்கமே போகாதவர்கூட ‘கவுத்துல’ என்று சரியாகத்தான் சொல்கிறார். படித்துவிட்டுத் தலைப்புச் செய்தி எழுதுகிறவர்களுக்குத்தான் இது வருவதில்லை. முப்பது முறை எழுதிவிட்டேன், இது முப்பத்தொன்று.

கண்ணனை யசோதை உரலோடு கட்டிப்போட்டாள் அல்லவா? தாமம் என்றால் கயிறு, உதரம் என்றால் வயிறு. வயிற்றில் கயிறு கட்டுண்டவன் தாமோதரன். ஆகவே தாமோதரன் என்று பெயருள்ள யாருக்கும் இந்தப் பிழையில் மன்னிப்பே கிடையாது. (உங்கள் பெயர் அதுவாக இருந்தால் எழுத வேண்டாம்.)

சரி, காயர். அகராதிகள் மலையாளத்துக் ‘கயர்’ என்ற சொல்லைத்தான் மூலமாகக் காட்டுகின்றன. கயரும் கயிறும் உடன்பிறப்புகள். வெள்ளைக்காரர்கள் மலையாளக் கரையில் இறங்கிக் கேட்டார்கள், அந்த வீட்டுப் பிள்ளையைக் கூட்டிப்போனார்கள், அவ்வளவுதான். இப்படி எழுதியதற்காக நம் பழைய வாசகர் ஒருவர் என்னைத் தமிழ்த் துரோகி என்று மூன்று பக்கம் எழுதுவார். ‘கட்டமரான்’ நம் கட்டுமரம்தான் என்று நான் எழுதியபோது அவரிடமிருந்து ஒரு கார்டுகூட வரவில்லை.

போன இடத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன ஆயிற்று என்பதுதான் எனக்கு வேடிக்கை. நமக்கு நார் வேறு, கயிறு வேறு. நாரைப் புரியாக்கி, புரிகளை முறுக்கினால்தான் கயிறு. எதில் திரித்தால் என்ன, பருத்தியானாலும் கயிறுதான். குறளில் (482) வள்ளுவர் செல்வத்தைக் கட்டிவைக்கும் கயிறு ஒன்றைச் சொல்கிறார். காலம் பார்த்து நடப்பதுதான் அது. அதற்கு நாரே வேண்டாம். ஆங்கிலத்தில் ‘காயர்’ என்றாலோ தேங்காய் நார். முறுக்கி முடித்த பொருளின் பெயர் மூலப்பொருளுக்குப் போய்விட்டது, சட்டையின் பெயரைப் பஞ்சுக்கு வைத்த மாதிரி.

உங்கள் கொடி நைலான் என்றால் அது கயிறு, ஆனால் காயர் இல்லை. இந்நேரம் துணி காய்ந்திருக்கும். எடுத்துவிடுங்கள், கயிற்றிலிருந்து.