‘வெறும் கேரியர்தான்’ என்றார்கள். எனக்கு ஸ்கேன் எதற்கு?

கேள்வி: குடியாத்தம் பக்கம் விவசாயம் செய்கிறேன், வயது 43. ஆறு வருடத்துக்கு முன் ரத்ததானம் செய்யப் போனபோது ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் வைரஸ் இருப்பது தெரிந்தது. “வெறும் கேரியர்தான், கிருமி உடம்பில இருக்கு, நோய் இல்லை, பயப்படாதீங்க” என்று அனுப்பிவிட்டார்கள். இதுவரை ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் என் அப்பா கல்லீரல் புற்றுநோயில் இறந்தவர். எனக்கும் வருமா? கீழாநெல்லி சாப்பிட்டால் போதுமா?

பதில்: வந்தே தீரும் என்று இல்லை. இந்தக் கிருமி உள்ள பலருக்குக் கடைசிவரை புற்றுநோய் வருவதில்லை. ஆனால் அந்த ‘வெறும்’ என்ற வார்த்தையை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதை நம்பி பத்து வருடம் டாக்டர் பக்கமே போகாமல், வயிறு வலித்த பிறகு வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது.

குடியால் கல்லீரல் கெட்டவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் கல்லீரல் சுருங்கும், அதற்கப்புறம்தான் புற்றுநோய். ஹெபடைடிஸ் பி அந்த வரிசைக்குக் காத்திருப்பதில்லை. இந்த வைரஸ் தன் மரபணுத் துண்டுகளைக் கல்லீரல் செல்லின் டிஎன்ஏவுக்குள்ளேயே செருகிவிடும். அதனால் சுருக்கமே இல்லாத கல்லீரலிலும் கட்டி வரலாம். பசி, தூக்கம், எல்.எஃப்.டி. என்கிற கல்லீரல் ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருந்தாலும் அதை வைத்து நிம்மதியாக இருந்துவிட முடியாது. உங்களுக்கு நாற்பது தாண்டிவிட்டது, அப்பாவுக்குக் கல்லீரல் புற்றுநோய் இருந்திருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேனும் கல்லீரல் கட்டிக்கான ஏ.எஃப்.பி. ரத்தப் பரிசோதனையும் கட்டாயம். ரத்தப் பரிசோதனை மட்டும் போதாது, சின்னக் கட்டிகள் பல அதில் தப்பிவிடும். கொண்டைக்கடலை அளவில் கண்டுபிடித்தால் அறுத்து எடுக்கலாம், ஊசி வழியாகச் சுட்டும் அழிக்கலாம். வலியும் உடல் மெலிவும் வந்த பிறகு அந்த வாய்ப்பு பெரும்பாலும் இருப்பதில்லை.

வைரஸின் அளவையும் பாருங்கள். தேவைப்பட்டால் டெனோஃபோவிர் அல்லது என்டெகாவிர் தருவார்கள், தினம் ஒரு மாத்திரை. புற்றுநோய் வரும் வாய்ப்பை அது நன்றாகக் குறைக்கும், அடியோடு நீக்காது. நீங்களாக நிறுத்தினால் கல்லீரல் திடீரென்று வீங்கிப் பழுதாகலாம். 2018இல் தொடங்கிய தேசிய ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் சோதனையும் மருந்தும் இலவசம். அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள்.

கீழாநெல்லி பற்றி: 1988இல் சென்னை ஆய்வாளர்கள், இந்த வைரஸைக் கண்டுபிடித்த பிளம்பர்க்கோடு சேர்ந்து, நம்பிக்கை தரும் முடிவை வெளியிட்டார்கள். பிறகு நடந்த ஆய்வுகளில் அது உறுதிப்படவில்லை. தண்ணீரால் வரும் மஞ்சள்காமாலை பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். பேர் மட்டும் கீழாநெல்லிக்குப் போகிறது. அதை நம்பி ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள்.

விவசாயி என்பதால் இன்னொன்று. ஈரத்தில் மூட்டை கட்டிய மல்லாட்டையை (வேர்க்கடலையை) உடைத்தால் சில பருப்பு சுருங்கி, மேலே பச்சையாகத் தூள் படிந்திருக்கும். அந்தப் பூஞ்சணத்தில் அஃப்ளடாக்சின் என்ற நச்சு இருக்கலாம். ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்கு இதுவும் சேர்ந்தால் புற்றுநோய் ஆபத்து பல மடங்கு. வறுத்தாலும் முழுசாகப் போகாது. வீட்டுக்கு வைத்துக்கொள்ளாமல் கொட்டிவிடுங்கள். சாராயம், பிராந்தி அறவே வேண்டாம்.

பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது நிலைத்துவிடும். பெரியவர்களுக்கு நூற்றில் ஐந்துக்கும் குறைவு. அதனால் அம்மா, கூடப்பிறந்தவர்கள், மனைவி, பிள்ளைகள் எல்லோரும் சோதித்துக்கொள்ளட்டும். தொற்று இல்லாதவர்களுக்கு மூன்று தவணைத் தடுப்பூசி. ஒரே தட்டில் சாப்பிட்டால் பரவாது. ஷேவிங் பிளேடைப் பகிராதீர்கள்.

ஸ்கேனுக்குக் காலையில் வெறும் வயிற்றோடு போங்கள். அப்பாவின் பழைய ரிப்போர்ட் பீரோவில் இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள்.