மீத்தேன்தானே அதிக வெப்பத்தைப் பிடிக்கிறது, கார்பன் டை ஆக்சைடைப் பற்றி ஏன் அதிகக் கவலை?

20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், மீத்தேன் அதே எடையுள்ள கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 80 மடங்கு வெப்பமூட்டுகிறது என்பது உண்மையே. ஆயினும் அது சராசரியாகச் சுமார் 12 ஆண்டுகளில் வேதிவினைகளால் சிதைந்துவிடுகிறது. கார்பன் டை ஆக்சைடு அவ்வாறு சிதைவதில்லை. கடலும் காடுகளும் உறிஞ்சியது போக, ஒரு பகுதி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் காற்றிலேயே தங்குவதால், இன்று எரிக்கும் நிலக்கரியின் புகை முந்தைய தலைமுறைகள் விட்டுச்சென்றதன்மேல் சேர்ந்துகொண்டே போகிறது. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த அளவு 420-ஐத் தாண்டியது இதனால்தான்.

கடல் உறிஞ்சுவதால் தீங்கில்லை என்றும் கருதிவிடக் கூடாது. நீரில் கரையும் வாயு கார்போனிக் அமிலமாகி, மேற்பரப்பு நீரின் அமிலத்தன்மையை ஏறத்தாழ 30 விழுக்காடு கூட்டியிருப்பதால், பவளங்களும் சிப்பிகளும் தமக்கான சுண்ணக் கூடுகளைக் கட்டுவது கடினமாகிவருகிறது.

மீத்தேன் கசிவுகளை உடனே அடைக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை, அதன் பலன் விரைவில் தெரியும். ஆனால் கார்பன் டை ஆக்சைடின் நிகர உமிழ்வு (நாம் வெளியிடுவதில் திரும்ப அகற்றுவது போக மிஞ்சுவது) சுழியத்தை எட்டாதவரை புவி வெப்பமாதல் நிற்காது.