பதில்: ஓக் மரத்தடிப் புல்லுக்கு ரோபோ மோவர் சரிவருமா?

சாக்ரமெண்டோவில் வீடு, முன்னும் பின்னுமாக 4,000 சதுர அடி புல், பின்பக்கம் பெரிய ஓக் மரங்கள், பழைய பெட்ரோல் மோவர் (புல்வெட்டும் இயந்திரம்) இருமுகிறது, ரோபோ வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரம் வேண்டாம். சிறிய பெட்ரோல் எஞ்சின்களைத் தடுக்கும் கலிஃபோர்னியாவின் 2024 விதி புதிதாகத் தயாரிக்கும் எஞ்சின்களுக்குத்தான். கையில் இருப்பதை மாநில விதி தடுக்கவில்லை.

உங்களுக்குச் சிக்கலே அந்த ஓக் மரங்கள்தான். செயற்கைக்கோளை மட்டும் நம்பி ஓடும் ரோபோவுக்கு வானம் திறந்திருக்க வேண்டும்; அடர்ந்த நிழலில் வழி தெரியாமல் நின்றுவிடும். புல்லைச் சுற்றிப் பதித்த கம்பியை எல்லையாக உணர்ந்து ஓடும் எல்லைக் கம்பி வகைக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் வேர்களுக்கு நடுவே கம்பி பதிப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. நான் ஒரு சனிக்கிழமை முழுக்க முட்டி போட்டுப் பதித்தேன். அடுத்த மாதமே ரோஜாச் செடிக்குக் குழி தோண்டும்போது நானே அதை அறுத்துவிட்டேன்! அறுந்த இடத்தைக் கண்டுபிடிக்கும்வரை மோவர் அசையவில்லை. அப்புறம், முன்புறம் போக வேலிக்கதவை யார் திறந்துவிடுவது?

என்னைக் கேட்டால், தள்ளும் பேட்டரி மோவரே போதும். வோல்ட்டை மட்டும் பார்க்காதீர்கள், பேட்டரியில் போட்டிருக்கும் வாட்-அவரை (அதில் மொத்தம் எவ்வளவு மின்சாரம் அடங்கும் என்ற அளவை) ஒப்பிடுங்கள். ஈரப் புல்லில் சார்ஜ் மடமடவென்று இறங்கும். ஓரப் புல் வெட்டும் டிரிம்மர், இலைகளை ஊதித் தள்ளும் புளோயருக்கும் அதே பேட்டரி பொருந்துகிறதா பாருங்கள். உங்கள் ஊர் வெயிலில் வெட்டி முடித்ததும் உடனே சார்ஜில் போடாதீர்கள், சூடு ஆறட்டும்.