ஒரே ஒரு ஷாட்டைத் தடை செய்ததால் வாழ்க்கையே முடிந்துபோன பேஸ்பால் வீரர் உண்டா?

ராஸ் பார்ன்ஸ் என்றுதான் பலரும் சொல்வார்கள். எனக்கென்னவோ பழியை அந்த விதி மேல் மட்டும் போடுவது சரியாகப் படவில்லை.

1871-இல் முதல் தொழில்முறை லீக் தொடங்கியபோது, ராக்ஃபோர்ட் அணியில் சேர்ந்து ஆடிக்கொண்டிருந்த பார்ன்ஸையும் பிட்சர் (பந்து வீசுபவர்) ஆல் ஸ்பால்டிங்கையும் பாஸ்டன் ரெட் ஸ்டாக்கிங்ஸ் அணி எடுத்துக்கொண்டது. ஃபீல்டிங்கில் பார்ன்ஸ் இரண்டாம் பேஸ் பக்கம் (பேஸ் என்பது ரன் எடுக்க ஓடித் தொடவேண்டிய இடம்), இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே ஷார்ட்ஸ்டாப்பில் ஜார்ஜ் ரைட். கையுறையெல்லாம் கிடையாது, வெறும் கைதான். 1872 முதல் 1875 வரை நான்கு வருடமும் பட்டம் பாஸ்டனுக்கே. கடைசி வருடம் 71 வெற்றி, 8 தோல்வி, அவ்வளவு அடாவடி!

சரி, அந்த ஷாட். ஃபேர்-ஃபவுல் என்பார்கள். அப்போதெல்லாம் பந்து முதலில் எங்கே குத்துகிறது என்பதுதான் கணக்கு: கோட்டுக்கு உள்ளே குத்தினால் ஃபேர், அதாவது செல்லும்; வெளியே குத்தினால் ஃபவுல், செல்லாது. பார்ன்ஸ் மட்டையை மேலிருந்து வெட்டுகிற மாதிரி இறக்கி, பந்தைத் தனக்குச் சற்று முன்னால் கோட்டுக்கு உள்ளேயே குத்தவைப்பார், அது சுழன்றுகொண்டே மூன்றாம் பேஸ் கோட்டைத் தாண்டி ஆளே இல்லாத பக்கம் ஓடிவிடும். அதைத் தடுக்க ஃபீல்டர் கோட்டோரமாக நகர்ந்தால் உள்ளே இடைவெளி விழும், உடனே அங்கே அடிப்பார்.

1876-இல் நேஷனல் லீக் பிறந்தபோது சிகாகோவுக்குப் போனார். அந்த லீக்கின் முதல் ஹோம் ரன் (ஒரே அடியில் எல்லா பேஸையும் சுற்றி வந்து எடுக்கும் ரன்) அவருடையது. 66 ஆட்டத்தில் 126 ரன், பேட்டிங் சராசரி (அடிக்க நின்றதில் எத்தனை பங்கு ஹிட் என்ற கணக்கு) .429; அடுத்த இடத்தில் இருந்தவருக்கே .366தான்.

மறு வருடமே விதி மாறியது: பேஸைத் தாண்டும் முன் பந்து வெளியே போனால் ஃபவுல். அந்த சீசனில் பார்ன்ஸ் ஆடியது 22 ஆட்டம்தான், சராசரியும் .272-க்கு இறங்கிவிட்டது. உடனே 'வித்தை போச்சு, ஆளும் போனார்' என்று எழுதிவிட்டார்கள். ஆனால் அதே வருடம் அவருக்குக் கடுமையான குளிர்காய்ச்சல், மாதக்கணக்கில் ஆடவே முடியவில்லை. ஆடாத நாளுக்குச் சம்பளம் இல்லை என்று கிளப் கைவிரிக்க, கோர்ட்டுக்குப் போனார், அங்கும் தோற்றார். அப்புறம் 1879-இல் சின்சினாட்டி, 1881-இல் பாஸ்டன் என்று திரும்பி வந்தும் பழைய ஆட்டம் வரவில்லை. நேராக அடித்தே ரன் குவிக்கத் தெரிந்தவருக்கு ஒரு ஷாட் போனதால் மட்டும் இவ்வளவு சரிவு வருமா?

ரைட், ஸ்பால்டிங் இருவரும் பேஸ்பால் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்கள். பார்ன்ஸ் இல்லை. வீரராக உள்ளே போகக் குறைந்தது 10 சீசன் ஆடியிருக்க வேண்டும், அவர் ஆடியது 9.