15 பார் மெஷினும் 70:30 தூளும்

கேள்வி: மதுரை திருநகரில் வசிக்கிறோம். ஆன்லைனில் 6,500 ரூபாய்க்கு எஸ்பிரசோ மெஷின் ஒன்று வாங்கினேன். பெட்டியில் ‘15 பார்’ அழுத்தம் என்று போட்டிருக்கிறது. பில்டருக்கு வாங்கும் அதே தூளைத்தான் (70 பங்கு காபி, 30 பங்கு சிக்கரி) இதிலும் போடுகிறேன். சில நாள் சொட்டுச் சொட்டாக வடிந்து கசக்கிறது. சில நாள் சாயத் தண்ணீர் போல ஓடிவிடுகிறது. கல்யாண வீட்டு நுரை வரவே இல்லை. ஒருமுறை தூள் போடும் கைப்பிடியைக் கழற்றும்போது தூள் சுவர் வரை தெறித்தது. ‘பரணில் ஏற்றிவிடு’ என்கிறார் கணவர். 40,000 ரூபாய் மெஷின் வாங்கினால் சரியாகிவிடுமா?

பதில்: முதலில் அந்தத் தெறிப்பு. சுவரோடு போனது உங்கள் நல்ல நேரம். தூள் அடைத்துக்கொண்டால் பம்ப் தள்ளிய வெந்நீர் வெளியேற வழியின்றி உள்ளேயே அழுத்தத்தோடு நிற்கும். அப்போது கைப்பிடியைத் திருகினால் கொதிக்கும் சக்கை முகத்தில் அடிக்கும். டிகாஷன் வராமல் நின்றுவிட்டால் சுவிட்சை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் வேறு வேலை பாருங்கள். பிறகு மெதுவாகக் கழற்றுங்கள். குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

அடுத்து, கல்யாண வீட்டு நுரை. பந்தலில் புஸ்ஸென்று சீறும் அந்தப் பெரிய பாய்லருக்கு நாம் எஸ்பிரசோ என்று பெயர் வைத்துவிட்டோம். அதில் காபித்தூள் வழியாக நீர் போவதே இல்லை. இன்ஸ்டன்ட் தூளையும் சர்க்கரையையும் பாலில் கலந்து, நீராவியை விட்டுப் பொங்கவைத்து, மேலே சாக்லேட் பொடி தூவித் தருகிறார்கள். எனக்கும் பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் மெஷின் வேறு சாதி. நைசாக அரைத்த தூளின் வழியே ஏறத்தாழ 9 பார் அழுத்தத்தில், 90 முதல் 96 டிகிரி சூட்டில் உள்ள நீரை அரை நிமிடம் செலுத்துவதுதான் எஸ்பிரசோ. பெட்டியில் போட்டிருக்கும் 15 என்பது பம்பின் உச்சத் திறன். தூளுக்கு அவ்வளவு தேவையும் இல்லை. அந்த எண்ணைப் பார்த்து யாரும் மெஷின் வாங்க வேண்டாம்.

இனி உங்கள் தூளுக்கு வருகிறேன்; குற்றவாளி அதுதான். சிக்கரி என்பது வறுத்த வேர். நீரில் கரையும் பொருள்கள் அதில் காபிக்கொட்டையைவிட அதிகம். ஈரம் பட்டதும் ஊறி, பிசுபிசுத்து, இறுகிவிடும். பித்தளைப் பில்டரில் இது ஒரு வரம்: நீர் மெல்ல இறங்கும், டிகாஷன் கெட்டியாகும், அவசரமும் கிடையாது. அரை நிமிடத்தில் வேலை முடிய வேண்டிய மெஷினிலோ அது வழியில் வைத்த அணை. எஸ்பிரசோவுக்குச் சிக்கரி இல்லாத தூள்தான் வேண்டும்.

அப்படியானால் சில நாள் மட்டும் சாயத் தண்ணீராக ஓடுவது ஏன்? தூளை ஸ்பூனில் அளந்து கைப்போக்கில் அழுத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு நாள் 9 கிராம் விழும், ஒரு நாள் 14. நானூறு ஐந்நூறு ரூபாய்க்குச் சின்ன டிஜிட்டல் தராசு கிடைக்கிறது. மெஷினுக்கு அடுத்து வாங்க வேண்டிய பொருள் அதுதான். இந்த விலை மெஷின்களில், இரண்டு கப்புக்கான சல்லடைக் கிண்ணத்தில் 12 முதல் 14 கிராம் வரை பிடிக்கும். அதற்கு 30 மில்லி, மிஞ்சினால் 40 மில்லி டிகாஷன் இறங்கியதும் நிறுத்திவிடுங்கள். தானாக நிற்கட்டும் என்று காத்திருந்தால் பின்னால் வருவதெல்லாம் கசப்பும் தண்ணீரும்தான்.

கைப்பிடிக்குள் இருக்கும் சல்லடைக் கிண்ணத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே நிறையத் துளைகள், வெளி அடியில் ஊசிமுனை போல ஒரே துளை என்றிருந்தால் அது இரட்டை அடி கொண்டது. மலிவு மெஷின்களோடு பெரும்பாலும் இதுதான் வரும். அழுத்தத்தை அந்த ஒற்றைத் துளையே உண்டாக்கிவிடும் என்பதால் தூள் மிக நைசாக இருக்கத் தேவையில்லை. பில்டர் அரைவையோ அதைவிடச் சற்று நைசோ போதும். இடித்து இறுக்காமல் மேலாகச் சமப்படுத்துங்கள். துளை வழியே பீய்ச்சுவதால் மேலே வரும் நுரை கொஞ்சம் போலிதான். அதனால் குடிப்பவருக்கு நஷ்டமில்லை. வெளி அடி முழுவதும் துளைகளாக இருந்தால் கதை வேறு. அதற்கு மிக நைசான, சீரான அரைவை வேண்டும். மிக்ஸியில் அது நடக்காது: பாதி மாவாகும், பாதி ரவையாகும்.

நம் ஊரில் ஒரு வசதி இருக்கிறது. கண்ணெதிரே வறுத்து அரைத்துத் தரும் காபிக்கடைகள் மதுரையில் இன்னும் உண்டு. கொட்டைக்கும் பஞ்சமில்லை, பக்கத்திலேயே தாண்டிக்குடி, பண்ணைக்காடு, சிறுமலை மலைகளில் காபி விளைகிறது. உங்களுடையது இரட்டை அடிக் கிண்ணம் என்றால் கடையில் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: “பீபெரி (உருண்டையான ஒற்றைக் கொட்டை) கொடுங்கள், சிக்கரி வேண்டாம், பில்டருக்கு அரைப்பதைவிட ஒரு பிடி நைசாக, 100 கிராம்.” அரைகிலோ வாங்காதீர்கள். அரைத்த தூளின் மணம் ஒரு வாரத்தில் பாதி போய்விடும், மதுரை வெயிலில் இன்னும் சீக்கிரம். காபி புளித்தால் அடுத்த முறை இன்னும் நைசாகக் கேளுங்கள். கசந்தால் சற்றுப் பருமனாக.

புளிப்புக்குச் சூடு போதாததும் ஒரு காரணம். பச்சை விளக்கு எரிந்தாலும் உள்ளே இரும்பு சில்லென்றிருக்கும். தூள் போடாமல், கைப்பிடியை மாட்டி, ஒரு டம்ளர் வெந்நீரை ஓடவிட்டு, பிறகு தூள் போடுங்கள். டிகாஷனை எடுத்த பிறகே பால் நுரைக்கும் நீராவிக்குப் போங்கள். வரிசையை மாற்றினால் மெஷின் கொதிசூட்டில் இருக்கும்; தூள் கருகும்.

தண்ணீர் விஷயத்தில் எனக்குப் பட்ட அனுபவம் உண்டு. என் முதல் மெஷினைப் போர் தண்ணீர் ஊற்றி மூன்றே மாதத்தில் கொன்றேன். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளைச் செதில் மெஷினின் மெல்லிய குழாய்களிலும் படியும். சத்தம் கூடுவதும் நீராவி குறைவதும் அதன் அறிகுறி. கேன் தண்ணீரே ஊற்றுங்கள். சுவை சற்றுச் சப்பென்றிருந்தால் மாநகராட்சிக் குழாய் நீரைக் காய்ச்சி, தெளிந்ததைப் பாதிக்குப் பாதி கலந்துகொள்ளலாம். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மெஷினோடு வந்த கையேடு தடுக்காவிட்டால், ஒரு லிட்டர் நீரில் 20 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்துப் பாதியை ஓடவிடுங்கள். கால்மணி நேரம் ஊறவைத்து மீதியை ஓட்டியபின், நல்ல தண்ணீரைத் தொட்டி நிரப்பி இரண்டு முறை ஓடவிடுங்கள்.

40,000 ரூபாய் மெஷின் வேண்டாம். இதே சிக்கரித் தூளைப் போட்டால் அதுவும் அடைத்துக்கொள்ளும், கூடுதல் கௌரவத்தோடு. மனம் கேட்காவிட்டால் ஐயாயிரம் ரூபாய் வாக்கில் நல்ல கை அரைவை இயந்திரம் ஒன்று வாங்கி, கொட்டையாக வாங்கி அவ்வப்போது அரையுங்கள்.

ஒன்றை மட்டும் இந்த மெஷினிடம் எதிர்பார்க்காதீர்கள். நுரைக்கும் பால் 65 டிகிரியைத் தாண்டினால் நுரையும் இனிப்பும் கெடும். நம் வீட்டுப் பெரியவர்களுக்கோ 65 டிகிரி ஆறிப்போன காபி. அவர்களுக்கு அடுப்பில் பொங்கிய பாலை ஊற்றி, இந்த டிகாஷனைக் கலந்து, டபராவில் ஒரு ஆற்று ஆற்றிக் கொடுங்கள், மெஷின் கோபித்துக்கொள்ளாது. ஆறேழு பேர் வந்து உட்காரும் ஞாயிற்றுக்கிழமையில் ஒவ்வொரு டம்ளராக எடுத்துக்கொண்டு நின்றால் கடைசி ஆளுக்குக் காபி வருவதற்குள் முதல் ஆள் கிளம்பிவிடுவார். அன்றைக்குப் பில்டரை இறக்குங்கள், பழைய 70:30 தூளோடு.